கடிப்பது சப்பாத்து, பழி குழந்தைக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், காலை ஏழரை மணிக்கு ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். முன்பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் ஊர்வலம் வரும். முதுகில் தம்மைவிடப் பெரிய பை, கழுத்தில் தண்ணீர்ப் போத்தல், சில இடங்களில் ஒரு குட்டிக் கழுத்துப்பட்டியும். பார்வையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, அதற்குக் கீழே கறுப்பு றெக்சின் சப்பாத்து. அணிந்திருப்பவருக்கு வயது மூன்று. அன்றைய வெப்பநிலை முப்பத்திரண்டு பாகை. காற்றில் இருக்கும் ஈரத்தைச் சேர்த்தால் உடம்பு உணர்வது அதைவிட மிக அதிகம்.

இந்த ஊர்வலத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகாகவே பட்டது. இவ்வாண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், என் மகளுக்கு வேலைத்தலத்தில் அவசரமான கூட்டம் இருந்ததால், பேத்தியை முன்பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு எனக்கு வந்தது. வாசலில் அவள் வந்த விதம் எனக்குப் பிடிபடவில்லை. வலது காலின் நுனியை மட்டும் ஊன்றி, குதிக்காலைத் தூக்கிக்கொண்டு, கோழிக்குஞ்சு மாதிரி எட்டு வைத்தாள். ஏதோ விளையாட்டென்று நினைத்தேன். ஓட்டோவில் ஏறி மடியில் வைத்து வலது சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை கழறவில்லை. குதிக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடைந்த கொப்புளத்தின் நீரும் சிறிது இரத்தமும் காய்ந்து, துணியும் தோலும் ஒன்றாகியிருந்தன.

"அம்மப்பா, சப்பாத்து கடிச்சது" என்றாள்.

"ரீச்சரிட்டைச் சொன்னீங்களோ?"

"சொன்னனான்."

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"நல்ல பிள்ளையள் கழட்ட மாட்டினமாம்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். போரையும், கடல்கோளையும், கலவரங்களையும் எழுதிய கை இது. ஒரு குழந்தையின் குதிக்காலில் இருந்த ஐந்து சதக் குற்றியளவுக் காயத்துக்காக ஒரு கட்டுரை எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஆனால், "நல்ல பிள்ளையள் கழட்ட மாட்டினம்" என்ற அந்த வாக்கியம் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. வலிக்கிறது என்று சொன்ன குழந்தைக்கு, வலியைச் சொல்வதே குற்றம் என்று கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவளுடைய நாட்குறிப்பேட்டில் அன்று ஒரு குறிப்பும் இருந்தது: பிள்ளை அடிக்கடி சப்பாத்தைக் கழற்றுகிறது, வீட்டில் பழக்கவும். கடித்தது சப்பாத்து, பழி குழந்தைக்கு.

மறுநாள் அந்த முன்பள்ளிக்குப் போனேன். பெயர் சொல்லப்போவதில்லை. ஏனெனில், அது தனியொரு முன்பள்ளியின் குறையன்று. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே விதி உள்ள இடங்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும். இரண்டு கைகளும் போதா. பொறுப்பாசிரியை மரியாதையாகவே பேசினார். "ஐயா, நீங்கள் பத்திரிகைக்காரர், உங்களுக்குத் தெரியாததில்லை. ஒழுங்கு சின்னனிலேயே வரவேணும். சான்டில்ஸ் போடலாம் என்று விட்டால் நாளைக்குப் பெற்றார்தான் வந்து கேட்பினம், இதென்ன நேர்சறி என்று." அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் முழு உண்மை. அதனால்தான் இந்தக் கட்டுரை ஆசிரியைகளுக்கு மட்டுமல்லாமல், எனக்கும் உங்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முதலில் நாம் எங்கே வாழ்கிறோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். கொழும்புக்குக் கோடை என்று தனியாக ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கோடைதான். அதில் பங்குனியும் சித்திரையும் உச்சம். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் கடந்து செல்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகள் அடுத்தடுத்து வெளியாயின. மேல் மாகாணமும் அவற்றில் இருந்தது. மாணவர்களை வெயிலில் வெளியே விளையாட விடுவதை மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சே பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அந்த வாரங்களிலும் நம் மூன்று வயதுக் குழந்தைகள் முழங்கால் வரை காலுறை அணிந்துதான் சென்றார்கள். மைதானத்துக்குப் பொருந்திய எச்சரிக்கை சப்பாத்துக்குள் இருக்கும் பாதத்துக்குப் பொருந்தாது என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

கொப்புளம் எப்படி உண்டாகிறது என்பது மருத்துவ இரகசியமன்று. தோலின் மேற்படை சப்பாத்தோடும் காலுறையோடும் ஒட்டி ஒரு பக்கம் இழுபடுகிறது. உள்ளே எலும்பு வேறு பக்கம் அசைகிறது. அடிக்கு அடி இந்த இழுபறி நடக்கும்போது மேற்றோலின் படைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோக்கிறது. நன்றாக உலர்ந்த தோல் வழுக்கிச் செல்லும். பிசுபிசுத்த தோல் துணியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே வியர்வைதான் இதில் முதற் குற்றவாளி. வியர்வையைக் குடித்துப் பிடித்துவைத்திருக்கும் பருத்திக் காலுறையும், காற்றை உள்ளே விடாத றெக்சினும் அதற்கு உடந்தை. மூன்றாவது உடந்தை அளவு. இறுக்கமான சப்பாத்து விரலைக் கடிக்கும். தொளதொளத்த சப்பாத்து குதிக்காலைக் கடிக்கும். கொழும்பின் பங்குனி வெயில், றெக்சின், பருத்திக் காலுறை, ஒரு அளவு பெரிதாக வாங்கிய சப்பாத்து: கொப்புளம் வராமலிருந்தால்தான் வியப்பு.

செருப்பு கடிக்கும் என்பதை நம் மொழி நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையை எழுதிய புலவர், கோவலனின் உறுதியான பாதத்தை வருணிக்கும்போது, செருப்பணிந்து பழகியதால் விழுந்த தழும்பைச் சொல்ல மறக்கவில்லை. ஆனால் அவன் காட்டில் ஆநிரை மேய்ப்பவன், வளர்ந்த ஆண்மகன். முள்ளும் கல்லும் நிறைந்த நிலத்தில் அந்தத் தழும்புக்கு ஒரு காரணம் இருந்தது. சிமெந்துத் தரையில் பாய் விரித்து அமர்ந்து வண்ணம் தீட்டும் குழந்தைக்கு என்ன காரணம் இருக்கிறது? செருப்பு என்ற சொல் நம்முடையது. சப்பாத்து என்ற சொல்லோ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. சொல் கடல் கடந்து வந்ததில் எனக்கு வருத்தமில்லை. மேசையும் அலுமாரியும் அப்படி வந்தவைதாம். குளிர் நாட்டின் காலணியை வெப்ப நாட்டில் ஒழுக்கத்தின் சின்னமாக ஏற்றுக்கொண்டதுதான் வருத்தம்.

இனி அந்தச் சப்பாத்துக்குள் இருக்கும் பொருளைப் பற்றி. குழந்தையின் பாதம் என்பது பெரியவரின் பாதத்தைச் சிறிதாக்கிய ஒன்றன்று. ஒன்று முதல் மூன்று வயது வரையான பாதத்தில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. அது அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும். நடுவில் கொழுப்புத் திண்டு இருப்பதால் பாதம் தட்டையாகத் தெரியும். உள்வளைவு பின்னர் மெல்ல மெல்ல உருவாகும். பெரியவருக்குச் சப்பாத்து சிறிதாக இருந்தால் வலிக்கும், அவர் கழற்றுவார். குழந்தையின் மென்மையான பாதமோ பல வேளைகளில் வலியே இல்லாமல் சுருங்கிக்கொள்ளும். ஆகவே, "பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே" என்பது அளவு சரி என்பதற்குச் சான்றாகாது. சொல்லும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதையும் மேலே கண்டோம்.

இதைப் பற்றி நம் பக்கத்து நாட்டிலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் மணிப்பாலில் உள்ள கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 1992இல் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை இதழில் அது வெளிவந்தது. காலணி அணிந்து பழகிய பிள்ளைகளில் தட்டைப் பாதம் 8.6 வீதம், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 வீதம். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு. விரல்களை மூடும் சப்பாத்து அணிந்த பிள்ளைகளிடமே தட்டைப் பாதம் மிக அதிகமாகக் காணப்பட்டது; திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவு; வெறுங்காலுடன் திரிந்தவர்களிடம் எல்லாரையும்விடக் குறைவு. 1995இல் அதே பெஞ்சமின் ஜோசப் மற்றொருவருடன் சேர்ந்து 1,846 வளர்ந்தவர்களை ஆராய்ந்தார். ஆறு வயதுக்கு முன்பே காலணி அணியத் தொடங்கியவர்களிடம், பதினாறு வயதுக்குப் பின் தொடங்கியவர்களைவிடத் தட்டைப் பாதம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது.

மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. தட்டைப் பாதம் உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையுமின்றி வாழ்கிறார்கள். சப்பாத்து அணிந்த பிள்ளைகளிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அது வரவில்லை. நான் கேட்பது இதுதான்: மூடிய சப்பாத்து பாதத்தை "நேராக்கும்", "உறுதியாக்கும்" என்று நம் வீடுகளில் சொல்லப்படும் கதைக்கு எங்கே சான்று? அமெரிக்க எலும்பு மருத்துவர் லின் ஸ்டாஹெலி 1991இல் குழந்தைகள் மருத்துவ இதழொன்றில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது வந்த முடிவும் இதுவே. பாதம் நன்றாக வளர்வது வெறுங்காலில்தான். சப்பாத்தின் வேலை காயத்திலிருந்தும் தொற்றிலிருந்தும் காப்பது. திருத்துவது அதன் வேலையன்று. சட்டையைப் போல அதுவும் ஓர் உடை, அவ்வளவுதான்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் சில நியாயமானவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "கொழும்பு வீதியில் வெறுங்காலுடன் விடச் சொல்கிறீர்களா?" இல்லை. உடைந்த கண்ணாடி, ஆணி, நாய் மலம், மழை பெய்தால் வடிகாலிலிருந்து மேலெழும் நீர் என்று எல்லாம் நம் ஒழுங்கைகளில் இருக்கின்றன. வரலாறும் எனக்கு மறக்கவில்லை. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, கொக்கிப்புழு நோயை ஒழிக்க ரொக்பெல்லர் நிறுவனம் நம் மலையகத் தோட்டங்களில் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. மலம் கலந்த மண்ணிலிருந்து அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், இரத்தத்தை உறிஞ்சி, ஒரு தலைமுறைத் தோட்டத் தொழிலாளரையே வெளிறச் செய்தது. காலணி உயிர் காத்த பொருள். ஆனால் காப்பதற்குத் தேவை ஓர் அடித்தட்டும், அதைக் காலோடு பிடித்துவைக்கும் பட்டிகளும். விரலையும் குதிக்காலையும் றெக்சினால் மூட வேண்டும் என்று புழு கேட்கவில்லை.

இரண்டாவது, "சப்பாத்து என்பது மரியாதை." இந்த வாதத்தை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் ஆதிக்கச் சாதியினரின் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த கொடுமையை நாம் அறிவோம். செருப்பு மறுக்கப்பட்டவருக்குச் செருப்பு உரிமை. நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தில் என் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துக்கு, ஞாயிறு மாலையில் வெண்கட்டியைக் கரைத்துப் பூசிக் கூரையில் காயவைப்பார் அம்மா. விரல் பக்கம் ஓட்டை. அந்த வெள்ளைதான் எங்கள் வீட்டின் மானம். பக்கத்து வீட்டில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு சோடிதான் இருந்தது. ஆகவே, ஒரு தாய் தன் பிள்ளையை மினுங்கும் சப்பாத்துடன் அனுப்பும்போது அவள் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் சொல்கிறேன். மானம் பெற்றோருடையது, கொப்புளம் குழந்தையுடையது. நம் பழைய காயத்துக்கு மருந்தாகப் புதிய காயமொன்றை மூன்று வயதுக் குதிக்காலில் உண்டாக்குவது நியாயமன்று. அதிலும், இந்த மரியாதையின் விலையை யார் அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பாருங்கள். 2022இன் நெருக்கடிக்குப் பின் விலை ஏறிய பொருட்களில் பிள்ளைகளின் சப்பாத்தும் ஒன்று. பாடசாலை மாணவருக்கு 1993 முதல் சீருடைத் துணி இலவசம். வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவருக்கு அண்மை ஆண்டுகளில் சப்பாத்து வவுச்சரும் கிடைத்திருக்கிறது. முன்பள்ளிக் குழந்தைக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதனால் அந்தத் தாய் என்ன செய்கிறாள்? இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்பக்கத்தில் கடதாசியையோ பஞ்சையோ திணிக்கிறாள். "வளர்ந்து போடட்டும்." அல்லது மூத்த பிள்ளையின் காலுக்கு வளைந்து தேய்ந்த சப்பாத்தை இளைய பிள்ளைக்கு மாட்டுகிறாள். கொப்புளம் அங்கேதான் முதலில் வருகிறது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். கடி மட்டும் வசதிக்கேற்ப வேறுபடுகிறது.

மூன்றாவது, "ஒழுங்கு." காலுறையில்லாமல் ஒழுங்கு வராது என்றால், யப்பானியப் பாடசாலைகளில் ஒழுங்கு எங்கிருந்து வந்தது? அங்கே பிள்ளைகள் வாசலிலேயே வெளிச் சப்பாத்தைக் கழற்றி, தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே மெல்லிய துணிக் காலணிக்கு மாறுகிறார்கள். கழற்றி ஒழுங்காக அடுக்கிவைப்பதே அங்கே பாடம். தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டிலிருந்து அரசு தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கத் தொடங்கியபோது கொடுத்தது செருப்பைத்தான். 2018இல் பீகாரின் தேர்வு வாரியம், சப்பாத்துக்குள் துண்டுச் சீட்டு ஒளிக்கிறார்கள் என்று கண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் செருப்பணிந்தே வர வேண்டுமென ஆணையிட்டது. ஒழுங்கைக் காக்கச் சப்பாத்து வேண்டும் என்கிறோம் நாம்; ஒழுங்கைக் காக்கச் சப்பாத்து கூடாது என்றார்கள் அவர்கள். ஆக, ஒழுங்குக்கும் சப்பாத்துக்கும் இடையே உள்ள உறவு அவ்வளவுதான். நம் வழிபாட்டுத் தலங்களையே எண்ணிப் பாருங்கள். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் எந்தச் செல்வந்தரும் வெறுங்காலுடன்தான் நிற்கிறார். அங்கே ஒழுங்கு குறைந்ததாக யாரும் முறையிட்டதில்லை.

நான்காவது, "பெரிய பாடசாலைக்குப் போகும்போது எப்படியும் போடத்தானே வேண்டும், இப்போதே பழகட்டும்." ஆறு வயதில் பழக வேண்டியதை ஆறு வயதில் பழகலாம். எப்படியும் ஒரு நாள் கண்ணாடி போட வேண்டி வரும் என்று பிறந்த குழந்தைக்குக் கண்ணாடி மாட்டுவதில்லை.

முன்பள்ளிகளை மட்டும் ஏசிவிட்டுப் போவது நேர்மையாகாது. வீட்டிலும் குற்றவாளிகள் இருக்கிறோம். நடக்கும்போது கீச்சுக் கீச்சென்று சத்தமிடும் சப்பாத்து, அடியில் சிவப்பு விளக்கு மினுங்கும் சப்பாத்து, பிறந்தநாள் சட்டைக்குப் பொருத்தமான குதியுயர்ந்த சப்பாத்து என்று வாங்கியவர்கள் நாங்கள்தான். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர், பனிக்காலத்துக்கு என்று செய்த தடித்த சப்பாத்தை, மலிவு விற்பனையில் கண்டதும் ஊரிலுள்ள பிள்ளைக்கென்று பெட்டியில் வைக்கிறார்கள். அளவு? சென்ற வருடப் புகைப்படத்தைப் பார்த்து ஒரு கணிப்பு. அன்பளிப்பாயிற்றே என்று அதைப் போட்டு அந்தப் பிள்ளையை நல்லூர்த் திருவிழாவுக்கும் கூட்டிப் போகிறோம். வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உங்கள் பிள்ளைகளுக்குப் புத்தம் புதிய சப்பாத்தை விமான நிலையத்தில் மாட்டாதீர்கள். வெப்பத்தில் பாதம் சற்று வீங்கும். அங்கே சரியாக இருந்த அளவு இங்கே இறுகும்.

எப்படி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு, என் மகளும் நானும் இரண்டு வாரம் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடை கடையாக ஏறி இறங்கியும், குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும் கற்றதைச் சொல்கிறேன்.

மாலையில் வாங்குங்கள், பகல் முழுவதும் நடந்த பாதம் அப்போதுதான் தன் முழு அளவில் இருக்கும். குழந்தையை நிற்கவைத்து அளவெடுங்கள். உட்கார்ந்திருக்கும் பாதம் சிறியது. இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதற்கு ஏற்ப வாங்குங்கள். மேலிருந்து விரலை அழுத்திப் பார்க்கும் பழைய முறை ஏமாற்றும். அழுத்தினால் குழந்தை விரலை மடக்கும். உள்தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அதன்மேல் குழந்தையை நிற்கவைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கடதாசியில் பாதத்தை வரைந்து வெட்டிக் கொண்டுபோங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடம் போதும். அதைவிடக் கூடினால் குதி வழுக்கும்.

அடித்தட்டை இரண்டு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் இலகுவாக வளைய வேண்டும், நடுவில் முறுகக்கூடாது. வளையவே மறுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே உங்கள் விரலைவிட்டுத் தையல்களைத் தடவுங்கள். உங்கள் விரலுக்கு உறுத்துவது அவள் தோலை உரிக்கும். விரல் பக்கம் அகலமாக, பின்னால் குதியைப் பிடிக்கும் பட்டியுடன், மேலே ஒட்டுப் பட்டி வைத்த திறந்த செருப்பு இந்த வயதுக்கு நல்லது. விரலிடுக்கில் வார் வைத்த பாட்டா வேண்டாம். அது கழன்றுவிடாமலிருக்கக் குழந்தை விரல்களை மடக்கி மடக்கியே நடக்கும். துளைகள் வைத்த மென்மையான அடைசெருப்பு வீட்டு முற்றத்துக்குச் சரி. ஆனால் நகரும் படிக்கட்டில் அதன் ஓரம் சிக்கிக் குழந்தைகள் காயப்பட்டதாக யப்பானில் 2008இல் அரசே எச்சரிக்கை விட்டது. கொழும்பின் கடைத்தொகுதிகளுக்கு அழைத்துச் செல்லும்போது பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

புதியதை முதல் நாளே முழு நேரமும் போடவேண்டாம். வீட்டில் அரை மணி நேரம், பிறகு கழற்றிக் குதியையும் சிறுவிரலையும் பாருங்கள். சிவந்த அடையாளம் கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில்தான் நாளைக்குக் கொப்புளம். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை அளவைச் சரிபாருங்கள். இந்த வயதில் பாதம் அவ்வளவு வேகமாக வளர்கிறது. வீட்டுக்குள் எதுவும் வேண்டாம், வெறுங்கால் போதும்.

கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள். அந்த மேல்தோல்தான் மிகச் சிறந்த கட்டு. சவர்க்காரமும் நீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, உலர்த்தி, ஒட்டாத துணியால் மூடுங்கள். தானாக உடைந்திருந்தாலும் தோலைப் பிய்க்கக்கூடாது. காலுறை ஒட்டியிருந்தால் இழுக்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுங்கள். காயம் ஆறும் வரை அதே சப்பாத்தை மறுபடி மாட்டாதீர்கள். சுற்றிலும் சிவந்து சூடேறினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், பற்பசையும் மஞ்சளும் பூசிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள்.

இனி முன்பள்ளி நடத்துபவர்களிடம் என் கோரிக்கை. மூன்றே மூன்று. ஒன்று: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பின்பட்டி வைத்த திறந்த செருப்பைச் சீருடையின் பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த நிறம் என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் அழகுணர்ச்சிக்கும் குறை வராது. இரண்டு: வகுப்பறைக்குள் வெறுங்காலை அனுமதியுங்கள். வாசலில் ஒரு மரத்தட்டு வைத்தால் போதும். மூன்று: ஒரு குழந்தை காலணியைக் கழற்றினால், நாட்குறிப்பேட்டை எடுக்குமுன் குனிந்து அதன் குதிக்காலைப் பாருங்கள். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை, ஒரு சதச் செலவும் இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. முன்பள்ளி தெரிவு செய்யும்போது, ஆங்கிலம் எத்தனை மணிக்குத் தொடங்கும், முதலாம் வகுப்பு அனுமதிக்கு உதவுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, பிள்ளை செருப்போடு வரலாமா என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் விதி தளரும். அது பெற்றோருக்காகப் போட்ட விதி என்று பொறுப்பாசிரியையே என்னிடம் சொல்லிவிட்டார் அல்லவா?

என் பேத்தியின் காயம் ஒன்பது நாளில் ஆறியது. அந்த ஒன்பது நாளும் அவள் செருப்புடன் போவதற்கு, மருத்துவரின் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. பத்தாம் நாள் காலை, காலுறையைக் கையில் எடுத்த மகளைப் பார்த்து அவள் கேட்டாள்: "அம்மா, டொக்டரின்ரை கடிதம் முடிஞ்சுதோ?"

என் மகள் காலுறையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். அன்று முதல் பேத்தி செருப்புடன்தான் போகிறாள். முன்பள்ளியிலிருந்து இன்னும் ஒரு குறிப்பு வந்தது. பதிலை நான் எழுதினேன். மூன்றாவது குறிப்பு இதுவரை வரவில்லை. சென்ற வாரம் அவளை அழைத்துவரப் போனபோது வாசலில் எண்ணிப் பார்த்தேன்: இருபத்தாறு பிள்ளைகளில் நான்கு பேர் செருப்புடன் வந்திருந்தார்கள்.